என்ஜின் சூடாக ரொம்ப நேரமாகிறதா? தெர்மோஸ்டாட் வால்வைக் கவனியுங்கள்

நம் ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு என்ஜின் சூடு என்றாலே ஒரே ஒரு பயம்தான், ஓவர்ஹீட். டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேலே ஏறினால் உடனே வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறந்துவிடுகிறோம். ஆனால் அதே முள் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் கீழேயே கிடந்தால் யாரும் கவலைப்படுவதில்லை, "வண்டி நல்லா கூலா ஓடுது" என்று சந்தோஷம் வேறு. அதுவும் கோளாறுதான். உடனே நடுரோட்டில் நிறுத்திவிடாது, புகை வராது, அதனால் தெரியாமல் மாதக்கணக்கில் பெட்ரோலையும் என்ஜினையும் தின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் எது சரியான சூடு என்று பார்த்துவிடலாம். இன்றைக்கு ஓடும் பெரும்பாலான கார்களில் கூலண்ட் (என்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை எடுத்துப்போகும் தண்ணீர்க் கலவை) ஏறக்குறைய 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், என்ஜினை வடிவமைத்ததே அந்தச் சூட்டில் ஓடத்தான். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளி, ஆயிலின் கெட்டித்தன்மை, எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும் என்ற கணக்கு எல்லாமே அதை வைத்துத்தான். மே மாத வேலூர் வெயில் 42 டிகிரி என்றாலும் என்ஜினுக்கு அது குளிர்தான், இன்னும் 40 டிகிரிக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

என்ஜினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பிடித்து வைக்கிற வேலையைச் செய்வது தெர்மோஸ்டாட் வால்வு. கைக்குள் அடங்குகிற சின்ன சாமான். உள்ளே ஒரு பித்தளைக் கிண்ணத்தில் மெழுகு அடைத்திருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும், கூலண்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் என்ஜினுக்குள்ளேயே பைபாஸ் என்ற குறுக்குவழியாகச் சுற்றிச் சுற்றி வரும், அதனால் மளமளவென்று சூடேறும். 82 அல்லது 88 டிகிரி மாதிரி அந்த வால்வுக்கென்று குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும். சூடு குறைந்தால் ஸ்பிரிங் திரும்ப மூடிவிடும். வயரும் இல்லை, கரண்டும் இல்லை. (சில புது கார்களில் இதற்குள் ஒரு ஹீட்டர் கம்பி வைத்து கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது, ஆனால் அடிப்படை இதே மெழுகுதான்.)

இந்த வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? சாவி போட்ட நொடியிலிருந்தே கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறி ஆறி வரும். என்ஜின் சூடாக வழியே இல்லை. டவுன் டிராஃபிக்கில் காற்று குறைவு என்பதால் முள் ஓரளவு மேலே வரும், பைபாஸ் ரோட்டில் ஏறி 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்றில் முள் கீழே இறங்கிவிடும். சிக்னலில் ஏறுகிறது, ஹைவேயில் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான், இதைவிடத் தெளிவான அறிகுறி வேறு கிடையாது. மலை இறக்கத்தில் இன்னும் நன்றாகத் தெரியும். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு கியரில் போட்டு ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கும்போது என்ஜினில் எரிபொருளே கிட்டத்தட்ட எரிவதில்லை, வால்வு சரியாக இருந்தால் மூடிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றும், கெட்டுப்போயிருந்தால் முள் அடிமட்டத்துக்கே வந்துவிடும்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது: வால்வே இல்லாமல் ஓடும் வண்டிகள். எப்போதோ ஒரு தடவை வண்டி ஹீட் ஆகியிருக்கும், மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு "இனிமே ஹீட் ஆகாது சார்" என்று அனுப்பியிருப்பார். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அப்படிக் கழற்றுவது வைத்தியமே இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன், காரணம் இரண்டு. ஒன்று, ரேடியேட்டர் அடைப்போ வாட்டர் பம்ப் கோளாறோ எதனால் ஹீட் ஆனதோ அது அப்படியே உள்ளே இருக்கிறது. இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. நிறைய என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கம் இன்னொரு தட்டு இருக்கும், மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது அது கீழே பைபாஸ் வழியை அடைக்கும். மொத்த வால்வையும் எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்ப என்ஜினுக்குள் ஓடிவிடும். அதனால் காலையில் சூடாகவும் மாட்டேன் என்கிறது, ஏசி போட்டு நாலு பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் ஹீட்டும் ஆகிறது. எந்த நோய்க்குக் கழற்றினார்களோ அதையே கூட்டிக்கொண்டு வருகிறது.

சூடாகாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, உலோகச் சுவர்களில் படிந்து நின்றுவிடும். இது தெரிந்து என்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாகத் தெளிக்கும். வழக்கமாக முதல் சில நிமிடங்களுக்கு மட்டும் செய்ய வேண்டியதை, சூடு ஏறவே ஏறாததால் வழி நெடுகச் செய்துகொண்டிருக்கும். மைலேஜ் விழும், ஐட்லிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம்) வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் கார்பன் மோனாக்சைடு அளவு கூடக் காட்டலாம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும், ரிங்கும் சிலிண்டரும் தேயும்.

அதோடு தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் பக்கம் கசியும். ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாக வெளியேறிவிடும், சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி ஆயிலோடு கலந்து நுரைத்து, ஆயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் வெள்ளை வெள்ளையாக க்ரீம் மாதிரி அப்பியிருக்கும். பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம், பயமுறுத்துகிறவர்களையும் உடனே நம்பிவிட வேண்டாம். மூடியில் மட்டும் வெள்ளை இருந்து, டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், ஆயில் சுத்தமாக இருந்து, கூலண்டும் குறையாமல் இருந்தால் பெரும்பாலும் அது இந்த ஈரம்தான். டிப்ஸ்டிக்கிலும் பால் கலந்த மாதிரி ஆயில், கூலண்டும் குறைகிறது என்றால்தான் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அவ்வப்போது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், என்ஜின் போதிய சூட்டில் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தொடங்காது. தெர்மோஸ்டாட் கெட்டு ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சின்ன வால்வுக்குப் பதிலாகப் பெரிய பில் கட்ட வேண்டிவரும். கேஸ் கிட் போட்ட வண்டிகளிலும் பாதிப்பு உண்டு, கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசருக்கு என்ஜின் கூலண்ட்தான் சூடு கொடுக்கிறது, குறிப்பிட்ட சூடு வரும்வரை பல கிட்டுகள் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறவே மாறாது.

சரி, இது கோளாறே இல்லாத சமயங்களும் உண்டு. டீசல் என்ஜின் இயல்பாகவே மெதுவாகத்தான் சூடாகும், ஐட்லிங்கில் போட்டுவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் இன்னும் மெதுவாக. வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஆபீஸ் என்றால் எந்த என்ஜினும் முழுச் சூட்டுக்கு வராது, அது வண்டியின் குற்றம் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும், அப்புறம் முறுக்காமல் நிதானமாக ஓட்டத் தொடங்குங்கள், நின்றுகொண்டே சூடாக்குவதைவிட ஓட்டத்தில் சீக்கிரம் சூடாகும். 30 டிகிரி வெயில் உள்ள காலையில் நல்ல பெட்ரோல் கார் இப்படி ஓட்டினால் பத்து நிமிடத்துக்குள் சரியான சூட்டுக்கு வந்துவிட வேண்டும், டீசலுக்கு ஒரு கால் மணி நேரம் கொடுக்கலாம். அதற்கும் மேலே இழுத்தால் கீழே சொல்கிற வரிசையில் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கூலண்ட் அளவு. என்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூலண்ட் ரொம்பக் குறைந்துபோனால், அல்லது உள்ளே காற்று சிக்கி ஏர் லாக் ஆகியிருந்தால், சூட்டை அளக்கும் சென்சாரின் முனை தண்ணீரில் நனையாமல் காற்றில் நிற்கும், முள் கீழேயே இருக்கும், உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும். கூல் என்று நினைத்து ஓட்டி ஹெட் வளைந்துபோவது இப்படித்தான். கூலண்ட் குறைந்திருந்தால் ஊற்றியதோடு விட்டுவிடாதீர்கள், எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அடுத்து கையால் ஒரு சோதனை, காசே செலவில்லை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஏசியை அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை, துப்பட்டா, சட்டை நுனி எதுவும் போகக் கூடாது, எலக்ட்ரிக் ஃபேன் எந்த நொடியும் சுற்றத் தொடங்கும். வால்வு சரியாக இருந்தால் சில நிமிடங்களுக்கு ஹோஸ் பெரிதாகச் சூடேறாது, வால்வு திறக்கும்போது திடீரென்று சுடும். ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகி என்ஜினோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு திறந்தே கிடக்கிறது, அல்லது இல்லவே இல்லை. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அப்படி இருந்தால் கீழ் ஹோஸைத்தான் கவனிக்க வேண்டும். ஹோஸ் என்ஜினில் சேருகிற இடத்தில் இரண்டு மூன்று போல்ட் போட்ட கிண்ணம் மாதிரி ஒரு மூடி தெரியும், பெரும்பாலும் வால்வு அதற்குள் இருக்கும்.

இப்போது வரும் பல சின்ன கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருக்கும் கார்களிலும் பலவற்றில் 75-க்கும் 105-க்கும் நடுவே எவ்வளவு இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அதனால் சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ஓபிடி கருவி (கார் கம்ப்யூட்டரில் இருக்கும் விவரத்தைப் படிக்கும் கருவி) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி போனில் பார்த்தால் கூலண்ட் சூடு டிகிரியில் வரும். ஒரே சீரான வேகத்தில் ஹைவேயில் ஓட்டி (போனைப் பார்ப்பது பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை) 85-க்கு மேல் நிலையாக நின்றால் கவலையில்லை, 65, 70 என்று இறங்கினால் வால்வுதான். என்ஜின் லைட் எரிந்து பி0128 என்ற கோளாறுக் குறியீடு வந்திருந்தால் அதற்கு அர்த்தமே கூலண்ட் தெர்மோஸ்டாட்டின் சூட்டை எட்டவில்லை என்பதுதான். ஆனாலும் அந்தக் குறியீட்டை மட்டும் நம்பி வால்வை மாற்றிவிடாதீர்கள், கூலண்ட் குறைந்தாலும் சென்சார் கெட்டாலும் அதே குறியீடு வரும்.

சென்சாரா வால்வா என்று பிரித்துப் பார்க்கவும் சுலபமான வழி உண்டு. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஏசி சுவிட்சை அணைத்து, ப்ளோவரைப் போட்டு, சூடு குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்புங்கள். (திருச்சியில் இருப்பவர்கள் அந்தக் குமிழைத் தொட்டே இருக்க மாட்டார்கள், இதற்காகத் தொடலாம்.) கை வைக்க முடியாத அளவுக்குச் சூடான காற்று வருகிறது, ஆனால் முள் கீழே கிடக்கிறது என்றால் என்ஜின் நன்றாகத்தான் சூடாகிறது, சென்சாரோ அதன் கனெக்டரோ பொய் சொல்கிறது. கனெக்டரைக் கழற்றிப் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பல சமயம் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். காற்றும் வெதுவெதுப்பு, முள்ளும் கீழே என்றால் வால்வு. காற்று குளிர்ச்சியாகவே வருகிறது, ஆனால் முள் ஏறி ஏறி இறங்குகிறது என்றால் திரும்பக் கூலண்டையும் ஏர் லாக்கையும் பாருங்கள்.

ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை. ஹீட் ஆகிறது என்று ரேடியேட்டர் ஃபேனை நேராக பேட்டரியில் கொடுத்து, சாவி போட்டதுமே சுற்றும்படி செய்துவைத்த வண்டிகள் நிறைய. வால்வு நன்றாக மூடினால் ஃபேன் சுற்றினாலும் என்ஜின் சூடாவதில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் தண்ணீர்தான் ரேடியேட்டருக்குப் போகவில்லையே. வால்வு கசிந்தால் இரண்டும் சேர்ந்து என்ஜினை ஆற வைத்துவிடும். ஃபேனை ஒயரிங்படி ரிலேயோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள். குவாலிஸ், பழைய டீசல் இன்னோவா மாதிரி பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்குத் தக்கபடி கிளட்ச் வேகத்தை மாற்றும் ஃபேன்) வண்டிகளில் அந்த ஃபேன் கிளட்ச் இறுகிப்போனால் எப்போதும் முழு வேகத்தில் சுற்றும், விமானம் மாதிரி இரைச்சல் கேட்கும், என்ஜின் பவரையும் தின்னும்.

வால்வுதான் என்று தெரிந்துவிட்டால், கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். குளிர்ந்த நிலையில் நடுத்தட்டு ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் அது போய்விட்டது. மூடியிருக்கிறது, ஆனால் சந்தேகம் என்றால் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு கொதிக்க வையுங்கள். அதன் மேல் 82, 88 என்று பொறித்திருக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறும்போது நன்றாக விரிய வேண்டும். 60-லேயே திறந்தால் தூக்கிப் போடுங்கள். அந்தப் பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

புதிது வாங்கும்போது உங்கள் என்ஜினுக்குக் கம்பெனி சொன்ன டிகிரியையே வாங்குங்கள். "நம்ம ஊருக்குக் கம்மி டிகிரி போதும்" என்று கடையில் கொடுப்பதை வாங்கினால் இத்தனை வேலையும் வீண். நிறைய மாடல்களுக்கு வால்வு சில நூறு ரூபாய்தான், சிலவற்றில் பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு சேர்த்துத்தான் கிடைக்கும், அது கூடுதல். கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் புதிதாகப் போடுங்கள், உட்காரும் இடத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கும் உப்புப் படிவும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிங்கும் மெழுகுக் கிண்ணமும் என்ஜின் பக்கம் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் வண்டி கொதித்துவிடும். ஓரத்தில் ஆடுகிற குட்டி ஊசி இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அதுதான். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஹவுசிங் அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான், பலம் காட்டினால் உடையும்.

வடித்த கூலண்டைத் தெருவில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும், குழந்தைகளுக்கும் விஷம். திரும்ப ஊற்றும்போது போர் தண்ணீர் கூடவே கூடாது. வால்வு இறுகுவதற்கும் ரேடியேட்டர் அடைப்பதற்கும் நம் ஊரில் முக்கியக் காரணமே உப்புத் தண்ணீர்தான், உள்ளே சுண்ணாம்பு மாதிரிப் படிந்துவிடும். ரெடிமிக்ஸ் கூலண்ட், இல்லையென்றால் கான்சென்ட்ரேட்டோடு டிஸ்டில்ட் வாட்டரைப் பாதிக்குப் பாதி. கலரை மட்டும் பார்த்துக் கலக்காதீர்கள், வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும்.

ஊற்றியதும் ஹீட்டர் குமிழைச் சூடான பக்கம் முழுதாகத் திருப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள், மேல் ஹோஸை மெதுவாக அழுத்தி விட்டால் குமிழிகள் வரும். ஹோஸ் திடீரென்று சூடாகி, குமிழி நின்றதும் மூடியைப் போட்டுவிடலாம். பிறகு ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும்வரை ஓடவிடுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் கூலண்ட் டேங்கில் மட்டும் மூடி உள்ள கார்களில் காற்று எடுக்கத் தனியாக ஒரு திருகு இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். மறுநாள் காலை வண்டி ஆறியிருக்கும்போது டேங்கில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும், அதில் போட்டிருக்கும் MIN, MAX கோடுகளுக்கு நடுவே வரும்படி ஊற்றிவிட்டு அன்றைக்கே ஹைவேயில் ஒரு ஓட்டம் ஓட்டி ஓபிடியில் சூட்டைப் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்திருந்தாலோ மூடியில் வெள்ளை அப்பியிருந்தாலோ அந்த வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், அடுத்த சர்வீஸ் வரை தள்ள வேண்டாம்.